கோப்பைக்குப் பிறகு: தமிழ்நாட்டுக் கால்பந்து கிளப்புகளின் நிர்வாக வரலாறு

தமிழ்நாட்டில் கால்பந்து அணிகளை முதலில் தாங்கி நின்றவர்கள் தெருக்காரர்களே. மெட்ராஸில் கால்பந்துச் சங்கம் 1934இல் உருவானது. அதன் லீக்கில் ஆடிய பல அணிகள் வட்டாரச் சங்கங்களாக இருந்தன. 1946இல் தொடங்கப்பட்ட நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் அப்படிப்பட்ட ஒன்று. இத்தகைய கிளப்புக்கு ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், கையில் ரசீதுப் புத்தகம், ஊரில் சற்று வசதியான இரண்டு மூன்று புரவலர்கள் போதும். பந்து, பனியன், மேட்ச் அன்று வண்டிச் சத்தம் என்று செலவு முடிந்துவிடும். செயலாளர் சரியில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் சண்டை வரும். சில நேரம் கிளப் இரண்டாக உடையும். கேள்வி கேட்க ஆள் இருந்ததுதான் அந்த அமைப்பின் பலம். காசு இல்லாதது அதன் பலவீனம்.

அந்தப் பலவீனத்தை நிரப்ப வந்தவை டிபார்ட்மென்ட் அணிகள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, ஏ.ஜி. ஆபீஸ், இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கின் முதல் டிவிஷனில் அலுவலகப் பெயர்களே பல பத்தாண்டுகள் முன்னால் நின்றன. நன்றாக ஆடும் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், ஓய்வு பெறும்போது பென்ஷன். ஏழை வீட்டுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பரிசு அந்தக் காலத்தில் கால்பந்தில் கிடையாது. தமிழ்நாட்டு ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தது இந்த ஏற்பாடு என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இந்த அணிகளுக்குத் தனி வாழ்வு இல்லை. அணியின் தலைவிதி மைதானத்தில் தீர்மானமாகவில்லை. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் தீர்மானமானது. மதுரைக்காரர்களுக்கு இது புரிய எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருநகரை ஒட்டிய ஹார்விபட்டி, ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. வீடும் வாழ்வும் ஆலையைச் சார்ந்திருந்த ஊருக்கு, ஆலை தளர்ந்தால் என்னவெல்லாம் சேர்ந்து தளரும் என்பது தெரியும். டிபார்ட்மென்ட் அணியின் நிலையும் அதுவே. இந்தியன் வங்கி 1995-96இல் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. வங்கித் துறை முழுவதும் புதிய ஆள் எடுப்பதைச் சுருக்கிய காலம் அது. வங்கியின் அணி அதற்குப் பிறகும் தேசிய லீக்கில் தாக்குப்பிடித்து ஆடியது. 2003-04 சீசன் முடிவில் கீழே இறங்கியது. வடக்கிலும் மேற்கிலும் இதே கதைதான். முதல் தேசிய லீக்கை 1996-97இல் வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. 2011இல் அணியை மூடியது. 2005-06இல் லீக் வென்ற மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. ரசிகர்களிடமோ ஆட்டக்காரர்களிடமோ யாரும் கேட்கவில்லை. அது நிறுவனத்தின் செலவு, நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது வகை, கால்பந்தையே தொழிலாக நடத்தும் தனியார் கிளப். தென்னிந்தியாவில் அதற்கு முதல் பெரிய பாடம் கொச்சியில் கிடைத்தது. 1997இல் தொடங்கிய எஃப்சி கொச்சின் அதே ஆண்டு மோகன் பகானை வீழ்த்தி டூரண்ட் கோப்பையை வென்றது. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் அந்த அணியின் தமிழ்நாட்டு வீரர் ராமன் விஜயன். நட்சத்திரங்களை வாங்கிக் குவித்த அந்த கிளப்பில் வரவைவிடச் செலவு முந்திக்கொண்டது. சம்பளம் நின்றது, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் கிளப்பே இல்லாமல் போனது. இந்தப் பாடத்தை நிதானமாகப் படித்திருந்தால் அடுத்து சொல்லப்போகும் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

2016 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, தேசிய லீக்கின் வாரிசான ஐ-லீக்கில் இரண்டு புதிய அணிகளுக்கு நேரடி இடம் கொடுத்தது. ஒன்று மினர்வா பஞ்சாப், மற்றது சென்னை சிட்டி எஃப்சி. 1946இன் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் தொழிலதிபர் ரோஹித் ரமேஷின் கையில் சென்னை சிட்டியாக மாறியிருந்தது. லீக் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அவசரமாகக் கூட்டிய அணி. பயிற்சியாளர் ராபின் சார்லஸ் ராஜா சீசன் நடுவிலேயே மாற்றப்பட்டு, வி. சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். 10 அணிகளில் எட்டாவது இடம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணியான சென்னையின் எஃப்சி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஒரே நகரம், ஒரே ஸ்டேடியம், ஒருவர் விளம்பர வெளிச்சத்தில், மற்றவர் நிழலில். அடுத்த சீசனில் சென்னை சிட்டி கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, வீடு கோவையில். 2017-18இலும் எட்டாவது இடமே கிடைத்தது.

இரண்டு தோல்வி சீசன்களுக்குப் பிறகு நிர்வாகம் எடுத்த முடிவுகளில் சிறந்தது, சிங்கப்பூரின் அக்பர் நவாஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சான்ட்ரோ ரோட்ரிகெஸ், ராபர்டோ எஸ்லாவா வந்தார்கள். இவர்கள் யாரும் பெரிய பெயர்கள் இல்லை. பெரிய விலையும் இல்லை. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள். பந்தைத் தரையில் வைத்து, குட்டைப் பாஸ்களாகக் கோர்த்துக்கொண்டு போகும் ஆட்டம். காசு குறைந்த கிளப்புக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் இல்லை: மற்றவர்கள் தேடாத இடத்தில் ஆட்களைத் தேடி, ஒரே மாதிரி ஆடப் பழக்குவது.

2019 மார்ச் 9. லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டியிடம் 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலிடம் 39. கோவையில் எதிரணி முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டது. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே அவர்கள் வென்று இங்கே இவர்கள் தோற்றால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒரு கோல், ஆட்டத்தின் இறுதி மணித்துளிகளில் இன்னொரு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால் 43க்கு 42. மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்திருந்தார். தேசிய லீக்கோ ஐ-லீக்கோ, தமிழ்நாட்டு கிளப் ஒன்று வென்றது அதுவே முதல் முறை.

ஏப்ரலில் சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்சியையும் வீழ்த்தி அரையிறுதி வரை போனது அணி. மேலே ஏற வேண்டிய நேரம் அது. ஆனால் ஏறுவதற்குப் படியே இல்லை. 2019இலேயே ஐஎஸ்எல் நாட்டின் முதல் லீக் என்ற இடத்தைப் பிடித்தது. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லில் இடம் தரும் வழக்கம் அப்போது இல்லை. அந்த வழியில் முதல் கிளப்பாகப் பஞ்சாப் எஃப்சி ஏறியது 2023இல்தான். ஐ-லீக்கின் முதல் பரிசு 1 கோடி ரூபாய். வெளிநாட்டு வீரர்கள், ஹோட்டல், ஐஸ்வாலிலிருந்து ஸ்ரீநகர் வரை விமானம் என்று ஒரு சீசன் நடத்தும் கிளப்புக்கு அது எந்த மூலைக்கு? கோவையில் ரசிகர்கள் வந்தார்கள், பாடினார்கள். ஆனால் டிக்கெட் வருமானத்தில் ஒரு தொழில்முறை அணியை நடத்த இந்தியாவில் எங்கும் முடிந்ததில்லை. தவறு முழுவதையும் ஒரு கிளப்பின் தலையில் கட்டுவது நியாயமாகாது. லீக்கின் அமைப்பே வெற்றிக்குத் தண்டனை கொடுத்தது.

இருந்தாலும் கிளப்பின் உள்ளே இருந்த குறைகளை மறைப்பதும் சரியில்லை. வென்ற அணியைக் கலையாமல் காப்பது நிர்வாகத்தின் முதல் வேலை. அது நடக்கவில்லை. எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். கோர்டியோ ஒப்பந்தம் முடியும் முன்பே ஐஎஸ்எல் அணியொன்றுடன் ஒப்பந்தம் செய்தது வழக்காகி, அவருக்கு 4 மாதத் தடையில் முடிந்தது. மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். ரொமாரியோ அதே ஆண்டு எஃப்சி கோவாவுக்கு. ஒருவரை விற்றுக் கிடைக்கும் பணத்தில் இருவரைத் தயார் செய்வது உலகம் முழுவதும் சிறிய கிளப்புகள் பிழைக்கும் வழி. அதற்கு இளையோர் அணி வேண்டும், ஆள் பார்த்துவரும் கண்கள் வேண்டும், மூன்று சீசன் முன்னால் யோசிக்கும் ஒரு கால்பந்து இயக்குநர் வேண்டும். சென்னை சிட்டியில் முதல் அணிக்குக் கீழே அப்படிப் பெரிதாக ஒன்றும் வளரவில்லை.

வளர்ப்பதற்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 2019 தொடக்கத்தில், கோப்பை வெல்வதற்குச் சில வாரம் முன்பு, சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. முகமது சாலாவை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய கிளப் அது. இளைஞர்களை வளர்த்து விற்பதில் பெயர் பெற்றது. அகாடமி, பயிற்சியாளர் பரிமாற்றம் என்று அறிவிப்புகள் வந்தன. ஆனால் 26 சதவீதம் என்பது ஆலோசனை சொல்லலாம், ஆட்சி செய்ய முடியாத பங்கு. போதாக்குறைக்கு பாசலுக்குள்ளேயே தலைமைச் சண்டை மூண்டது. எங்கோ இந்தியாவில் முதலீடு எதற்கு என்று அங்குள்ள ரசிகர்கள் கேட்டார்கள். 2021இல் பாசலின் உரிமையாளர் பெர்ன்ஹார்ட் புர்கெனர் தன் பங்குகளை டேவிட் டேகனிடம் விட்டு விலக நேர்ந்தது. தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது எந்தப் பங்காளியும் கோவைக்கு வந்து அகாடமி கட்ட மாட்டார்.

களத்தில் சரிவு வேகமாக நடந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் 0-1. மார்ச்சில் ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மசியாவுடன் அகமதாபாத்தில் 2-2. அத்தோடு கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில், வெளியுலகத் தொடர்பற்ற பாதுகாப்பு வளையத்துக்குள் நடந்தது. கோவை ரசிகர்கள் தங்கள் அணியைக் கண்ணால் பார்க்கவே இல்லை. புதிய பயிற்சியாளர் சத்தியசாகராவும் சிங்கப்பூர்க்காரர். ஆனால் பழைய அணி அவரிடம் இல்லை. 11 அணிகளில் முதல் ஆறுக்குள் வர முடியாமல் கீழ்ப் பிரிவில் ஆடி முடித்தது. சாம்பியனாகி இரண்டே ஆண்டு.

கடைசி அடி மைதானத்தில் விழவில்லை, கோப்பில் விழுந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகள் ஐந்து தலைப்புகளில் ஆவணம் கேட்கின்றன: விளையாட்டு, உள்கட்டமைப்பு, பணியாளர், சட்டம், நிதி. இளையோர் அணிகள் எத்தனை, எந்த வயதில். மைதானத்துக்கான எழுத்து ஒப்பந்தம் எங்கே. பயிற்சியாளரின் சான்றிதழ் எந்த நிலை. தணிக்கை செய்த கணக்கு எங்கே. ஆட்டக்காரர்களுக்கும் பிற கிளப்புகளுக்கும் பாக்கி உண்டா. ஒரு கிளப் உண்மையில் இருக்கிறதா, பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறதா என்று இந்தப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். சென்னை சிட்டி உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. 2021-22 ஐ-லீக்கில் 13 அணிகள் ஆடின. 2019இன் சாம்பியன் அதில் இல்லை. 1946இல் தொடங்கிய ஒரு கிளப்பின் தேசியப் பயணம் ஐந்தே சீசனில் முடிந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் கிளப்பைக் காப்பாற்ற யாருக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியா தரும் பதில்கள் கவனிக்கத் தக்கவை. அங்குள்ள கால்பந்து வேறு ஆட்டம்: முட்டை வடிவப் பந்து, நீள்வட்டமான பெரிய மைதானம், பக்கத்துக்கு 18 பேர். அதன் பெரும்பாலான கிளப்புகள் மெல்போர்ன் நகரின் பேட்டைகளில் பிறந்தவை. சந்தா கட்டும் உறுப்பினர்கள் சேர்ந்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். சவுத் மெல்போர்ன் கிளப் கடனில் மூழ்கி 1982இல் ஆட்டங்களை சிட்னிக்கு மாற்றியது. பெயர் ஓரிடம், வீடு ஓரிடம் என்ற சென்னை சிட்டியின் நிலையை அது முன்பே அனுபவித்தது. 1985இல் அதை ஜெஃப்ரி எடெல்ஸ்டன் என்ற மருத்துவத் தொழிலதிபருக்கு விற்றார்கள். கொஞ்ச காலம் ஆடம்பரம், பிறகு நட்டம். 1988இல் லீக் உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. லீக்கே தாங்கிப் பிடித்ததால் கிளப் பிழைத்தது. 2005இல் சாம்பியனும் ஆனது.

ஃபுட்ஸ்க்ரேயின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. தொழிலாளர்கள் வாழும் மேற்கு மெல்போர்னின் அந்த கிளப்பை 1989இல் ஃபிட்ஸ்ராய் கிளப்போடு இணைத்துவிட லீக் முடிவு செய்தது. உறுப்பினர்கள் நீதிமன்றம் போனார்கள். பீட்டர் கோர்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னின்றார். தகர டப்பா குலுக்கியும் வீடு வீடாகத் தட்டியும் சில வாரங்களில் பணம் திரட்டி இணைப்பைத் தடுத்தார்கள். அந்த கிளப் இன்று வெஸ்டர்ன் புல்டாக்ஸ்; 2016இல் கோப்பை வென்றது. அதே முயற்சி ஃபிட்ஸ்ராய்க்குக் கைகூடவில்லை. 1883இன் அந்த கிளப் 1996இல் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது. உறுப்பினர் உரிமை இருந்தால் எல்லாம் பிழைக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போராடுவதற்கு ஒரு வாசல் இருந்தது. கோவை ரசிகருக்கு அந்த வாசல் கிடையாது. அவர் கையில் இருந்தது டிக்கெட் மட்டுமே.

இந்தியாவிலும் உறுப்பினர் கிளப்புகள் உண்டு. ஈஸ்ட் பெங்கால் அவற்றில் ஒன்று. 2020இல் முதலீட்டாளராக வந்த ஸ்ரீ சிமென்ட் நிறுவனத்துடன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். விளையாட்டு உரிமை முழுவதும் கைமாறிவிடும் என்பது அவர்கள் வாதம். 2021 ஜூலையில் ரசிகர்கள் கிளப் வாசலில் போராடி, போலீஸ் தடியடியும் நடந்தது. 2022இல் முதலீட்டாளர் விலகினார். அணி பட்டியலின் அடியில் கிடந்தது. ஆனால் கிளப் சாகவில்லை. வேறு முதலீட்டாளருடன் தொடர்ந்தது. சத்தம் போட ஆட்கள் இருக்கும் கிளப்பை மூடுவது கடினம்.

மதுரைப் பக்கத்தில் இதே பத்தாண்டில் இரண்டு அணிகள் வேறு வழியில் போயின. ஒன்று கிரிக்கெட். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) மதுரை அணி முதல் இரண்டு சீசனிலும் ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. ஊர்ப் பெயர் தாங்கிய அணி ஊரில் ஆடவும் இல்லை; ஆட்டங்கள் சென்னை, திருநெல்வேலி, நத்தம் என்று நடந்தன. 2018இல் உரிமை கைமாறி சீகெம் மதுரை பேந்தர்ஸ் ஆனது. தோற்றுத் துவண்ட அணி அதே ஆண்டு ரோஹித் தலைமையில் இறுதிக்கு வந்து, சேப்பாக்கத்தில் திண்டுக்கல்லை 117க்குச் சுருட்டி, அருண் கார்த்திக்கின் ஆட்டமிழக்காத 75 ரன்னில் கோப்பையை வென்றது. உரிமையாளர் தடுமாறினாலும் லீக்கைத் தாங்க மாநில கிரிக்கெட் சங்கம் என்ற பணபலம் பின்னால் இருந்தது. உரிமம் காலியானால் வாங்க ஆள் வரும். கால்பந்தில் சென்னை சிட்டியின் இடம் காலியானபோது தமிழ்நாட்டில் அதை ஏந்திக்கொள்ள யாரும் வரவில்லை.

மற்றது சேது எஃப்சி. காரியாபட்டிப் பக்கம் சேது பொறியியல் கல்லூரியைச் சார்ந்து 2016இல் உருவான மகளிர் கிளப். சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கி இரண்டே மாதத்தில், 2019 மே மாதம் லூதியானாவில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று சேது இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. ஒரே கோடையில் ஆண்கள் லீக்கும் பெண்கள் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. இதைக் கொண்டாட மாநிலம் தவறிவிட்டது என்பது வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டிய செய்தி. சேதுவுக்குப் பெரிய முதலீட்டாளர் இல்லை. கல்லூரி வளாகம் என்ற நிலையான முகவரி இருந்தது. பெண்கள் படித்துக்கொண்டே ஆடலாம். 2021-22இல் புவனேஸ்வரில் கோகுலத்திடம் கடைசி ஆட்டத்தில் தோற்று இரண்டாம் இடம் பெற்றது; அதற்குப் பிறகும் லீக்கில் தொடர்ந்தது. பழைய டிபார்ட்மென்ட் அணியின் சாயல் இதில் உண்டு. அதன் ஆபத்தும் உண்டு: கல்லூரி மனம் மாறினால் அணிக்கு வேறு போக்கிடம் இல்லை.

சென்னை சிட்டி விட்டுச்சென்ற வெற்றிடத்தில் மாநிலத்தின் ஒரே பெரிய ஆண்கள் கிளப்பாக நின்றது சென்னையின் எஃப்சி. 2015இலும் 2017-18இலும் ஐஎஸ்எல் வென்ற அணி. 2025இல் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல் நடத்தும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் லீக் தேதியே இல்லாமல் தொங்கியது. அந்த ஆகஸ்டில், நிலைமை தெளியும் வரை கிளப்பின் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக சென்னையின் எஃப்சி அறிவித்தது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், புல்வெளியைப் பராமரிப்பவர்கள், ஜெர்சி துவைப்பவர்கள் வரை எல்லோர் பிழைப்பும் டெல்லியில் போடப்பட வேண்டிய ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.